மூலிகைச் செல்வமும் திசு வளர்ப்பும்

தோட்டப் பாட்டாளிகளுக்கு மூலிகை புதிய பொருளன்று. லயத்து வீட்டின் பின்புறத்தில் துளசி, கற்பூரவல்லி, தூதுவளை முதலியவற்றை வளர்ப்பதும், குழந்தைக்குச் சளி பிடித்தால் சில இலைகளைக் கிள்ளிக் கஷாயம் வைப்பதும் நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கமாகும். பால் மரங்களுக்கிடையில் தானே முளைக்கும் கீழாநெல்லியை மஞ்சட்காமாலைக்கும், கசப்பு மிகுந்த நிலவேம்பைக் காய்ச்சலுக்கும் நம் பெரியோர் பயன்படுத்தி வந்தனர். கீழாநெல்லியை மலாய் மக்கள் டுக்கோங் அனாக் என்பர். நிலவேம்பை ஹெம்பெடு பூமி என்பர். நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பொருளாதார உருமாற்றுத் திட்டத்தின்கீழ், வளர்ச்சிக்கென முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து மூலிகைகளில் இவ்விரண்டும் இடம்பெற்றன. தொங்காட் அலி, காச்சிப் பாத்திமா, மீசை கூச்சிங் ஆகியவை ஏனைய மூன்றாகும்.

இவ்வைந்து மூலிகைகளும் ஒரே தன்மையன அல்ல. கீழாநெல்லி விதையால் தானே பெருகும். மீசை கூச்சிங் என்னும் பூனை மீசைச் செடியில் ஒரு கொப்பை ஒடித்து நட்டால் அது வேர்விட்டுத் தழைக்கும். இவற்றில் இலையைப் பறித்தால் மீண்டும் இலை துளிர்க்கும். தொங்காட் அலியின் நிலை வேறு. அதன் மருந்துச் சத்துக்காக மக்கள் நாடுவது வேரை. வேரைத் தோண்டிய பின்பு அங்கே செடி இராது. ஆகவே, ஒரு முறை பயன்படுத்துவதோடு அச்செடியின் வாழ்வு முடிந்துவிடுகிறது. இவ்வாறு அழியும் மூலிகைகளை அழியாமற் காக்க விஞ்ஞானம் கண்டுள்ள வழிகளுள் ஒன்றே திசு வளர்ப்பு முறையாகும்.

வேரோடு போகும் செடிகள்

தொங்காட் அலி நம் நாட்டு மழைக்காடுகளின் நிழலில் மெல்ல வளரும் சிறு மரம். நட்டு வளர்த்தாலும் அதன் வேர் பயன்தரும் பருவத்தை அடைய நான்கைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். அதன் விதைகளில் பல முளைப்பதில்லை; முளைப்பனவும் நாட்கள் பல எடுத்துக்கொள்கின்றன. காட்டில் ஒருவர் அரை மணி நேரத்தில் தோண்டி எடுத்துவிடும் செடியின் இடத்தை இன்னொரு செடி நிரப்ப ஆண்டுக்கணக்காகிறது.

காச்சிப் பாத்திமா காட்டின் தரையோடு ஒட்டி வளரும் சிறு செடி. மகப்பேற்றுக்குப் பின் உடலைத் தேற்றுவதற்காக மலாய்ப் பெண்கள் இதனைக் கொதிக்கவைத்து அருந்துவது பழைய வழக்கம். முழுச் செடியும் பயன்படுவதால், பறிப்போர் அதனை வேரோடு பிடுங்கிவிடுகின்றனர்.

அகில் மரத்தின் நிலைமை இவற்றினும் மோசமானது. காஹாரு என்று மலாய் மொழியில் அழைக்கப்படும் அகிற்கட்டை, நறும்புகைக்கும் மருந்துக்கும் பயன்படுவது. பழந்தமிழ் இலக்கியங்கள் பேசும் அகிற்புகை இத்தகைய மரங்களிலிருந்து பெறப்படுவதேயாகும். நம் காடுகளில் வளரும் அகில் மரத்தைக் கரஸ் என்பர். எல்லாக் கரஸ் மரங்களிலும் மணமுள்ள கட்டை இருப்பதில்லை. மரத்தில் காயம் ஏற்பட்டுப் பூஞ்சை புகுந்தால் மட்டுமே பிசின் ஊறிக் கட்டை கறுக்கிறது. புறத்தோற்றத்தில் இதனை அறிவது கடினமாதலால், வெட்டிப் பார்த்துவிடுவோம் என்று பலர் வெறும் மரங்களையும் சாய்த்துவிட்டனர். 1995-ஆம் ஆண்டு முதல் இம்மரத்தின் அனைத்துலக வாணிகம் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவரப்பட்டது. 2018-ஆம் ஆண்டில் இது மிகக் கடுமையான அழிவு நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

காணாமற்போன ஒரு மரம்

ஒரு செடியின் அருமை தெரியுமுன்னரே அது அழிந்துபோவதும் உண்டு. 1987-ஆம் ஆண்டில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் ஆராய்ச்சிக்காகச் சரவாக் காட்டில் பல மரங்களின் மாதிரிகள் சேகரிக்கப்பட்டன. அவற்றுள் பிந்தாங்கோர் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் சாறு, எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் கிருமி பெருகாமல் தடுப்பதைச் சில ஆண்டுகளுக்குப் பின் விஞ்ஞானிகள் கண்டனர். மேலும் மாதிரி எடுக்க விரைந்து சென்றபோது, அம்மரம் அங்கில்லை. யாரோ அதனை வெட்டிவிட்டிருந்தனர். நல்வாய்ப்பாக அவ்வகை மரங்கள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் பாதுகாக்கப்பட்டு வந்தன. அவற்றின் துணையால் ஆராய்ச்சி தொடர்ந்தது. அதிலிருந்து பெறப்பட்ட பொருள் மனிதரிடமும் சோதிக்கப்பட்டது. எனினும் இதுவரை விற்பனைக்குரிய மருந்தாக வெளிவரவில்லை.

அம்மரத்தை வெட்டியவர் தீய எண்ணத்தோடு வெட்டியிருக்கமாட்டார். அவருக்கு அது பல மரங்களுள் ஒன்றாகவே தோன்றியிருக்கும். நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியும் ஒரு காலத்தில் வெறும் அழகுச் செடியாகவே கருதப்பட்டது. 1950-களில் அதன் இலைகளை ஆராய்ந்தபோதுதான், இரத்தப் புற்றுநோயால் வாடும் குழந்தைகளைக் காப்பாற்றும் மருந்துகளுக்குரிய சத்துகள் அதில் இருப்பது தெரியவந்தது. நித்தியகல்யாணி எங்கும் எளிதில் வளரும் செடி. ஆதலால் அது நமக்குக் கிடைத்தது. அரிதாகிவிட்ட செடிகள் அவ்வாறு காத்திருப்பதில்லை.

பால் வெட்டும் கலை தரும் பாடம்

மரத்தைக் கொல்லாமல் பயன் எடுக்கும் வித்தையை உலகுக்கு எடுத்துக்காட்டியது ரப்பர்த் தொழில் எனலாம். 1876-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகள் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவற்றில் முளைத்த கன்றுகளுள் 22 மட்டும் 1877-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை வந்தடைந்தன. அப்பூங்காவின் பொறுப்பை 1888-இல் ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கண்டபடி கொத்தாமல், பழைய வெட்டின் ஓரத்திலேயே பட்டையை மெல்லிதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். உளி கட்டையைத் தொடக்கூடாது என்பதும், சீவிய பட்டை மீண்டும் வளர இடமளிக்க வேண்டும் என்பதும் பால் வெட்டும் ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்த விதி. இதனாலேயே ஒரு மரம் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பால் தருகிறது.

வேர் மூலிகைகளுக்கு இத்தகைய உளி இல்லை. அக்குறையைப் போக்க முயல்வதுதான் திசு வளர்ப்பு. தாய்ச் செடியைத் தோண்டாமல், அதிலிருந்து விரல் நுனியளவு மொட்டையோ இலைத் துண்டையோ எடுத்து, ஆயிரக்கணக்கான கன்றுகளை உண்டாக்குவதே இதன் நோக்கம்.

ஒட்டுக் கன்றும் திசுக் கன்றும்

நாற்றங்காலில் ஒட்டுக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதனைப் புரிந்துகொள்வது எளிது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் குளோன் மரங்கள் ஒரு காட்டில் ஆயிரம் நின்றால், அவ்வாயிரமும் ஒரே தாய் மரத்தின் மொட்டுகளிலிருந்து வந்தவையே. விதையிலிருந்து வரும் கன்று தாயைப் போலவும் இருக்கலாம், மாறியும் இருக்கலாம். மொட்டிலிருந்து வரும் கன்றோ தாயின் குணங்களை அப்படியே கொண்டிருக்கும்.

ஒட்டுக் கட்டுவதற்கு வேருள்ள இன்னொரு கன்று தேவை. திசு வளர்ப்பில் அதுவும் தேவையில்லை. செடியின் உடல், செல் எனப்படும் மிக நுண்ணிய உயிரறைகளால் ஆனது. ஒரே வகைப் பணியைச் செய்யும் செல்களின் கூட்டமே திசுவாகும். ஒரு செல்லுக்குள் முழுச் செடியையும் உருவாக்கும் ஆற்றல் மறைந்திருக்கிறது. தக்க உணவும் சூழ்நிலையும் அமைந்தால் அவ்வாற்றல் வெளிப்படும். ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியல் அறிஞர் ஹாபர்லாண்ட் 1902-ஆம் ஆண்டிலேயே இக்கருத்தை எடுத்துரைத்தார். எனினும் அது செயல்வடிவம் பெற அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1958-ஆம் ஆண்டில் ஸ்டீவர்டு என்னும் அறிஞர், கேரட் கிழங்கின் செல்களிலிருந்து முழுச் செடிகளை வளர்த்துக் காட்டினார். முராஷிகி, ஸ்கூக் என்னும் இரு விஞ்ஞானிகள் 1962-ஆம் ஆண்டில் வகுத்த உணவுக் கலவையே இன்றும் உலகெங்கும் பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது என்ன?

முதற்பணி தூய்மை செய்தல். காட்டிலிருந்து எடுத்த இளந்தண்டின்மீது கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகளும் கிருமிகளும் ஒட்டியிருக்கும். துணி வெளுக்கப் பயன்படும் நீர் போன்ற மருந்துக் கரைசலில் அதனைச் சில நிமிடங்கள் ஊறவைத்து, கிருமி நீக்கிய நீரில் பலமுறை கழுவுவர். பின்னர் வடிகட்டிய தூய காற்று வீசும் மேசையில் வைத்து, தீயில் காட்டிய கத்தியால் சிறு துண்டுகளாக நறுக்குவர். ஒரு பூஞ்சை வித்து போத்தலுக்குள் விழுந்தாலும் சில நாட்களில் அது முழுவதும் பரவிச் செடியைக் கொன்றுவிடும். ஆதலால் இப்பணியில் அறிவைவிடப் பொறுமையும் ஒழுங்குமே மிகுதியாகத் தேவைப்படுகின்றன.

அடுத்தது உணவு. நம் பிள்ளைகள் விரும்பி உண்ணும் அகர் அகர் பலகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அதே பொருளே இங்கும் உணவைக் கெட்டியாக்கப் பயன்படுகிறது. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 30 கிராம் சீனியும், 7 அல்லது 8 கிராம் அகரும், நாம் மரத்திற்கு இடும் உரத்தில் உள்ளவை போன்ற தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து முதலியனவும், சில வைட்டமின்களும் சேர்க்கப்படுகின்றன. போத்தலுக்குள் இருக்கும் துண்டுக்குத் தானே உணவு சமைக்கப் போதிய இலை இல்லாததால் சீனி தேவைப்படுகிறது. இக்கலவையைப் போத்தல்களில் ஊற்றி, அழுத்தக் கொப்பரையில் 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுமார் 15 நிமிடம் வைத்துக் கிருமி நீக்குவர்.

இதனோடு மிகச் சிறிய அளவில் இரு வகை வளர்ச்சி ஊக்கிகளும் சேர்க்கப்படுகின்றன. ஆக்சின் என்பது வேர்விடத் தூண்டுவது. சைட்டோகைனின் என்பது தளிர்விடத் தூண்டுவது. சைட்டோகைனின் மிகுந்தால் துண்டிலிருந்து பல தளிர்கள் கிளம்பும். ஆக்சின் மிகுந்தால் வேர்கள் தோன்றும். இரண்டும் நடுநிலையில் இருந்தால் உருவமற்ற செல் திரள் வளரும். ஒவ்வொரு செடிக்கும் பொருத்தமான அளவு வேறு. கேரட்டுக்குப் பொருந்தியது தொங்காட் அலிக்குப் பொருந்தாது. அதனைக் கண்டறிவதிலேயே ஆராய்ச்சியாளரின் காலம் பெரிதும் கழிகிறது.

பெருக்கத்தின் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆறு வாரங்களுக்கு ஒரு முறை ஒரு தளிர் மூன்று தளிர்களாகப் பிரிவதாக வைத்துக்கொள்வோம். முதற்சுற்றில் 3, அடுத்து 9, பின்னர் 27 என்று பெருகி, எட்டாவது சுற்றில் 6,561 தளிர்கள் ஆகின்றன. ஓராண்டுக்குள் ஒரு மொட்டிலிருந்து இவ்வளவும் வருகின்றன! பூஞ்சையாலும் பிற காரணங்களாலும் சில போத்தல்கள் வீணாகுமாதலால், உண்மையில் கிடைப்பது இதனினும் குறைவாகவே இருக்கும். ஆயினும் ஒரு மொட்டை இழந்த தாய்ச் செடி காட்டில் பசுமையாக நிற்கிறது என்பதே முக்கியம்.

போத்தலிலிருந்து மண்ணுக்கு

போத்தலுக்குள் வளர்ந்த கன்று மிக மென்மையானது. அங்கே காற்று ஈரமாக இருந்ததால், நீர் வற்றாமல் காக்கும் மெழுகுப் படலம் அதன் இலைமீது சரிவர உருவாகியிராது. திடீரென வெயிலில் வைத்தால் ஒரே நாளில் வாடிவிடும். எனவே வேரில் ஒட்டிய அகரைக் கழுவி, மணலும் மட்கும் கலந்த மண்ணில் நட்டு, ஈரமும் நிழலும் மிகுந்த கூடாரத்தில் வைத்து, சில வாரங்களில் சிறிது சிறிதாக வெளிக்காற்றுக்குப் பழக்குவர். குறைமாதக் குழந்தையை வளர்ப்பது போன்ற கவனம் இதற்குத் தேவை. ஆய்வுக்கூடத்தில் வெற்றி பெற்ற பல முயற்சிகள் இக்கட்டத்தில்தான் தோற்கின்றன.

மண்ணே தேவைப்படாத வேறொரு முறையும் உண்டு. ஜப்பான் நாட்டில் முராசாக்கி என்னும் மூலிகையின் ஊதாநிற வேர் மருந்துக்கும் சாயத்துக்கும் பயன்பட்டு வந்தது. அச்செடி காட்டில் அரிதாகிவிட்டது. 1983-ஆம் ஆண்டில் மிட்சுயி நிறுவனம் அதன் செல்களைப் பெரிய தொட்டிகளில் திரவ உணவில் வளர்த்து, அதே சத்தைப் பிரித்தெடுத்துக் காட்டியது. செடியையே தொடாமல் மருந்தை மட்டும் விளைவிக்கும் முறை இது. தென் கொரியாவில் ஜின்செங் வேர்கள் இவ்வாறு தொட்டிகளில் வளர்க்கப்படுகின்றன. தொங்காட் அலியின் வேரையும் இம்முறையில் வளர்க்கும் ஆராய்ச்சிகள் நம் நாட்டில் நடைபெற்றுள்ளன.

செம்பனை கற்பித்த எச்சரிக்கை

திசு வளர்ப்பு குறையே இல்லாத முறை என்று எண்ணிவிடலாகாது. செம்பனைக்கு ஒரே ஒரு குருத்துத்தான் உண்டு, கிளை இல்லை. ஆகவே ஒட்டுக் கட்டவோ கொப்பு நடவோ இயலாது. நல்ல மரத்தைப் பெருக்கத் திசு வளர்ப்பே வழி என்று கருதி, 1970-களில் அம்முறையில் உருவான கன்றுகள் நம் நாட்டில் நடப்பட்டன. அவை செழித்து வளர்ந்தன. ஆனால் 1980-களில் பூவும் காயும் வந்தபோது, சில மரங்களின் காய்கள் உருமாறிப் போயின. எண்ணெய் தரவேண்டிய குலைகள் முற்றாமலே அழிந்தன. பல ஆண்டு உழைப்பும் முதலீடும் வீணாயின.

இதன் காரணம் தெரியவர நெடுங்காலம் ஆயிற்று. 2015-ஆம் ஆண்டில் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் விஞ்ஞானிகள் அமெரிக்க விஞ்ஞானிகளோடு இணைந்து அதனைக் கண்டறிந்து வெளியிட்டனர். கர்மா என்று பெயரிடப்பட்ட ஒரு மரபுத் துண்டின்மீது இருக்கவேண்டிய இரசாயன அடையாளம், போத்தலில் வளரும் காலத்தில் அழிந்துபோவதே அதற்குக் காரணமாகும். கன்றாக இருக்கும்போதே இலையைச் சோதித்து, கெட்டதை நீக்கிவிடும் வழி இதனால் பிறந்தது. மூலிகைக் கன்றுகளையும், அவற்றில் உரிய மருந்துச் சத்து இருக்கிறதா என்று சோதித்த பின்னரே பெருமளவில் நடவேண்டும் என்பதை இவ்வனுபவம் நமக்குக் கற்பிக்கிறது.

தாய்ச் செடி காட்டில் வாழவேண்டும்

இன்னொரு குறையையும் ரப்பர்த் தோட்டத்தில் உள்ளோர் அறிவர். ஒரு குளோன் பலத்த காற்றில் முறியும். வேறொரு குளோன் இளஞ்சிவப்பு நோய்க்கு எளிதில் ஆளாகும். ஒரே குளோன் நிறைந்த காட்டில் நோய் புகுந்தால் எல்லா மரங்களும் ஒன்றுபோலவே பாதிக்கப்படும். ஒரு மொட்டிலிருந்து வந்த ஆயிரம் மூலிகைக் கன்றுகளும் அவ்வாறே. காட்டில் விதையால் வளர்ந்த செடிகளோ ஒன்றுக்கொன்று சிறிது மாறுபட்டவை. ஒன்று வறட்சியைத் தாங்கும். ஒன்று நோயைத் தாங்கும். ஒன்றில் மருந்துச் சத்து மிகுந்திருக்கும். எனவே பல இடங்களில் உள்ள பல தாய்ச் செடிகளிலிருந்து மொட்டுகளை எடுத்தல் வேண்டும். சில நாடுகளில் திசுத் துண்டுகளைக் கழித்தல் 196 பாகை செல்சியஸ் குளிருள்ள திரவ நைட்ரஜனில் நெடுங்காலம் உயிரோடு சேமித்தும் வைக்கின்றனர்.

ஆனால் எடுப்பதற்குத் தாய்ச் செடிகள் இருந்தால்தானே இவையெல்லாம் நடைபெறும்? ஆய்வுக்கூடம் உள்ளதைப் பெருக்கவல்லது, இல்லாததைப் படைக்கவல்லதன்று. காட்டில் கடைசித் தொங்காட் அலியைத் தோண்டிய பின்பு, எவ்வளவு சிறந்த ஆய்வுக்கூடமும் நமக்கு உதவாது. திசு வளர்ப்பால் கன்றுகள் மலிவாகி, சந்தைக்கு வேண்டிய வேர் தோட்டங்களிலிருந்தே கிடைக்குமானால், காட்டுச் செடியைத் தோண்ட வேண்டிய தேவை குறையும். இம்முறையால் காடு பெறும் நன்மை இதுவே.

நாம் செய்யக்கூடியவை

காட்டோரத் தோட்டங்களில் வாழ்வோர் சிலவற்றை மனத்திற்கொள்ளுதல் நலம். தீபகற்ப மலேசியாவில், நிரந்தர வனக் காப்பகங்களிலிருந்து உரிமமின்றிச் செடியையோ வேரையோ எடுப்பது 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றமாகும். ஓய்வு நாளில் சிறிது பணம் சம்பாதிக்கலாம் என்று பிறர் சொல்வதைக் கேட்டு வேர் தோண்டச் செல்வோர், காட்டின் செல்வத்தோடு தம் நிம்மதியையும் இழக்க நேரிடும்.

வாங்குவோரும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். தொங்காட் அலி கலந்தவை என்று விற்கப்படும் சில கோப்பித் தூள்களிலும் மாத்திரைகளிலும், ஆண்மைக் குறைவுக்குரிய ஆங்கில மருந்துகள் இரகசியமாகக் கலக்கப்பட்டிருந்ததைச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளனர். இதய நோய்க்கு மருந்து உண்பவர்க்கு இவை உயிருக்கே ஆபத்தாகலாம். பதிவு பெற்ற பாரம்பரிய மருந்துகளின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்னும் எழுத்தில் முடியும் பதிவெண் இருக்கும். அதனைப் பார்த்து வாங்குங்கள். கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேளாமல் எந்த மூலிகையையும் உட்கொள்ளக் கூடாது.

வீட்டுப் பின்புறத்தில் இடமுள்ளவர்கள் கீழாநெல்லி, நிலவேம்பு, பூனை மீசை முதலியவற்றை நட்டு வளர்க்கலாம். இவற்றுக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு பிடி விதையோ ஒரு கொப்போ போதும். அரிய செடிகளைப் பெருக்கும் பணியைக் கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் போன்ற நிலையங்கள் செய்து வருகின்றன. அக்கழகத்தின் பசுங்காடே, ஈயம் தோண்டிப் பாழாக்கப்பட்ட நிலத்தில் 1920-களிலிருந்து மனிதர் கையால் நட்டு உருவாக்கப்பட்டது என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

திசு வளர்ப்புக் கூடங்களில் வேலை செய்வதற்குப் பொறுமையும், தூய்மையும், உறுதியான கையும் வேண்டும். விடியற்காலையில் விளக்கொளியில், கட்டையில் காயம் படாமல் பட்டையைச் சீவும் கைகளின் பிள்ளைகளுக்கு அவை இயல்பாகவே அமைந்திருக்கும். பள்ளியில் அறிவியல் பாடத்தை ஆர்வத்தோடு படிக்கும் பிள்ளை இருந்தால், இத்துறையும் அவனுக்கும் அவளுக்கும் திறந்திருக்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்து ஊக்குவிப்பார்களாக.